சின்ன ரிவால்வருக்கு எந்தத் தோட்டா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், சாமி படத்தை ஒரு தடவை பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். இதில் வருகிற ஒரு மனிதர் இன்னும் மலாக்கா பக்கம் பெம்பானில்தான் இருக்கிறார். அவருடைய இரண்டு பெண்களும் கல்யாணமாகி நல்லபடியாக ஒரு இடத்தில் போய்ச் சேரட்டும், அதற்கு முன்னால் அப்பன் லாக்கப்பில் இருந்த கதையை ஊருக்குச் சொல்ல நான் யார் என்று இருந்துவிட்டேன். இப்போது பெண்கள் இருவருமே பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார்கள். அவரும் "எழுதுங்கண்ணே" என்று சொல்லிவிட்டார்.

எழுத வைத்தது இரண்டு பையன்கள். செக்யூரிட்டி வேலைக்குப் புதிதாகத் துப்பாக்கி கொடுக்கப்பட்டவர்கள். கோயில் அன்னதானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கிள், சின்ன ரிவால்வருக்கு எந்த தோட்டா பெஸ்ட்? தலையில ஓட்ட போட்டது தானே?" என்று கேட்டார்கள். போனில் ஏதோ பார்த்திருக்கிறார்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் சொல்கிற பதில் இல்லை இது. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. பிறகு பால்வெட்டு. ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு குடும்பத்தோடு புக்கிட் காத்திலுக்கு வந்து சேர்ந்தேன். நாற்பதைத் தாண்டித்தான் செக்யூரிட்டி வேலை. முதலில் சில வருஷம் டார்ச் லைட்டும் தடியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குடிக்க மாட்டான், கேஸ் இல்லை, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவன் என்று பார்த்து என்னைத் துப்பாக்கிக்கு எடுத்தார்கள். என்னோடு எடுத்த இன்னொருவன் காத்தமுத்து. அவனும் பழைய பால்வெட்டுக்காரன், என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், பேச்சில் எப்போதும் ஒரு கிண்டல். ஏதோ கொஞ்சம் பயிற்சி கொடுத்தார்கள். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது அருளப்பு சாரைப் பற்றி.

கம்பெனியின் ஆயுத அறை அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், மாதா கோயில்காரர், முன்பு அரசாங்க ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஆபீஸுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருப்பார். உள்ளே போனால் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். "கையைக் காட்டும்" என்பார். வியர்வை இருந்தால் துடைக்கத் துண்டு கொடுப்பார். மேஜையில் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் தோட்டாக்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொன்றின் அடிப்பாகத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு நம் பக்கம் தள்ளுவார்.

"எண்ணும்."

"நீங்கதான் எண்ணிட்டீங்களே சார்."

"நான் உம்மை நம்பேல்லை. நீரும் என்னை நம்ப வேண்டாம். சத்தமா எண்ணும்."

முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. மனுஷனை மனுஷன் இப்படியா நடத்துவது என்று வீட்டில் சரோஜாவிடம் புலம்பினேன். காத்தமுத்து வேறு விதமாகச் சொன்னான்: "அவரு பாவமன்னிப்புக்குப் போனாக்கூட, சாமியாருகிட்ட அடையாள அட்டை கேப்பாரு போலண்ணே."

எங்களுக்குக் கொடுக்கப்பட்டது குட்டைக் குழாய் ரிவால்வர். ஐந்து தோட்டா பிடிக்கும். இடுப்பில் இருப்பதே தெரியாது. எங்களை ஒரு நகைக்கடைக் காவலுக்குப் போடுவதாக முடிவானதும், சார் துணியின்மேல் மூன்று வகைத் தோட்டாவை வைத்தார். அளவு ஒன்றுதான், தலைதான் வேறு. ஒன்று உருண்டைத் தலை, உள்ளே வெடிமருந்து அதிகம். ஒன்றின் தலையில் குழி. மூன்றாவது வெறும் ஈயம், தலை தட்டையாக வெட்டியது போல, மருந்து குறைவு.

"எதை எடுப்பீர்கள்?" என்று கேட்டார்.

காத்தமுத்து முந்திக்கொண்டான். "அந்த ஓட்ட போட்டது சார். பாக்கவே பயமா இருக்கு."

"ஆருக்குப் பயம்? உம்முடைய தோட்டாவிலை ஓட்டை இருக்கெண்டு கள்ளனுக்குத் தெரியுமோ?"

நான் மருந்து அதிகமானதைக் கை காட்டினேன். வலுவானதுதானே நல்லது என்று என் எண்ணம். சுடுவதற்கு அனுமதி உள்ள இடத்துக்கு ஒரு சனிக்கிழமை சார் எங்களைக் கூட்டிப்போனார். பழைய டெலிபோன் புத்தகங்களைத் தண்ணீரில் ஊற வைத்து, முன்னால் ஒரு கிழிந்த ஜீன்ஸ் துணியைக் கட்டி, அதன்மேல் குறி வரைந்த ஒரு தாளை ஒட்டி நிறுத்தியிருந்தார்.

நான் கேட்ட வலுவானதைப் போட்டு முதல் வேட்டு வைத்தேன். துப்பாக்கி என் கையைவிட்டுப் போகப் பார்த்தது. கண் முன்னால் ஒரு தீப்பந்தம். இரண்டாவது எங்கே போனது என்று எனக்கும் தெரியாது, கடவுளுக்குத்தான் தெரியும். காத்தமுத்து சுட்டுவிட்டு, "இது துப்பாக்கி இல்லண்ணே, அவுத்து விட்ட மாடு" என்று கையை உதறினான். நான் சுட்ட இன்னொன்று ஊறிய புத்தகம் முழுவதையும் தாண்டிப் பின்னால் இருந்த மண்ணில் போய்ப் புதைந்தது.

"அங்கை மண். கடைத்தெருவிலை அந்த இடத்திலை ஆர் நிப்பினம்?" என்றார் சார்.

குழித் தலையைச் சுட்டதும் அவரே புத்தகத்தைப் பிரித்து அதை எடுத்துக் காட்டினார். குழிக்குள் ஜீன்ஸ் துணி அடைத்துக்கொண்டிருந்தது. விரிய வேண்டிய தலை விரியாமல் அப்படியே இருந்தது. "நீளக் குழாயிலை இது விரியும். இந்தக் குட்டைக் குழாயிலை வேகம் காணாது. சிலது விரியும், சிலது விரியாது. இதை நம்பி நிக்கேலாது."

மூன்றாவதைச் சுட்டபோது கை அசையவில்லை. ஐந்தும் தாளில் விழுந்தன. காத்தமுத்துவுக்கும் அப்படியே.

"அப்ப இதுதான்" என்றார் சார்.

உள்ளுக்குள் எனக்குச் சந்தேகம். மருந்து குறைந்தது விலையும் குறைவாக இருக்கும், கம்பெனி எங்கள் உயிரில் மிச்சம் பிடிக்கிறது என்று நினைத்தேன். சார் என் முகத்தை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தார் என்று ஞாபகம். "சந்தேகப்படும், அது நல்லது. ஆனால் தாளைப் பாரும். படாத தோட்டா எவ்வளவு பெரிசெண்டாலும் சத்தம் மட்டும்தான்."

பையன்களே, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். உங்கள் கையால், உங்கள் துப்பாக்கியில், ஒவ்வொரு தடவையும் வெடித்து, ஒவ்வொரு தடவையும் குறி வைத்த இடத்தில் படுவது எதுவோ அதுதான் நல்ல தோட்டா. பெட்டியின் மேல் படம் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். எதைச் சுட்டுப் பழகினீர்களோ அதையே இடுப்பில் வையுங்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தோட்டாவைச் சரியாகத் தேர்ந்தெடுத்த பிறகுதான் எனக்கு ஆபத்து வந்தது.

தோட்டாக்களை ஒப்படைத்த அன்று சார் ஒன்றை எடுத்து அடிப்பாகத்தைக் காட்டினார். நடுவில் ஒரு சின்ன வட்டம், நெற்றிப் பொட்டு மாதிரி. "துப்பாக்கியின்ரை ஊசி இந்தப் பொட்டிலைதான் குத்தும். இதிலைதான் தோட்டாவின்ரை உயிர் இருக்கு. ஈரம் மட்டும் படவிடாதேங்கோ. இந்த ஊர்க் காத்திலை எல்லாம் ஈரம். விளங்குதோ?" என்றார். விளங்கியது என்று இரண்டு பேரும் தலையாட்டினோம்.

மலாக்கா டவுனில் அந்த நகைக்கடை. காலை ஷிப்ட் காத்தமுத்து, மத்தியானத்திலிருந்து நான். ஒரே ரிவால்வர். கை மாறும்போது உருளையைத் திறந்து ஐந்தையும் துணியில் கொட்டி எண்ணி மறுபடி போட வேண்டும். ராத்திரியில் துப்பாக்கியும், உபரியாகக் கொடுத்த ஐந்து தோட்டாவும் கடை லாக்கருக்குள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. தோட்டாக்கள் வரவரப் பளபளப்பாக, கொஞ்சம் வழவழப்பாக இருப்பதைக் கவனித்தேன். துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறோமே, அது பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு முன்னால் கடையில் கூட்டம் ஏறியது. வேறு ஊர்களில் ஹெல்மெட்டோடு வந்து கொள்ளையடிக்கிறார்கள் என்று பேச்சு. ஒரு நாள் கை மாற்றும்போது பயமாக இருக்கிறது என்று காத்தமுத்துவிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "கவலப்படாதீங்கண்ணே. உங்க ஷிப்ட்டுல ஒன்னும் ஆகாதுலா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்லா. போங்க, போய் நில்லுங்க."

அடுத்த வாரம், மழை பெய்த ஒரு பிற்பகல். அன்றைக்கு அவன் அவசரமாக, வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றான். அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார்கள். ஒருவன் கையில் பாராங் கத்தி. நான் துப்பாக்கியை எடுத்து மலாயில் நிற்கச் சொல்லிக் கத்தினேன். அவன் நிற்கவில்லை. முருகா என்று விசையை அழுத்தினேன்.

டிக்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுபடி அழுத்தினேன். டிக். அதற்குள் கத்தி என் இடது முன்கையில் இறங்கிவிட்டது. மூன்றாவது வெடித்தது. அது கதவின் இரும்புச் சட்டத்தில் பட்டுத் தெறித்தது, யார்மேலும் படவில்லை, அது முருகன் செயல். சத்தம் கேட்டதும் இருவரும் ஓடிவிட்டார்கள். முதலாளி தன் தோள் துண்டால் என் கையைக் கட்டினார்.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், மலாய்க்காரர், மெதுவாகப் பேசுவார். வெடிக்காத இரண்டையும் பார்த்தார். பொட்டில் ஊசி ஆழமாகக் குத்தியிருந்தது. துப்பாக்கி சரி. தோட்டாதான் செத்திருக்கிறது. "உங்களுக்கு முன்னால் இதைக் கையில் வைத்திருந்தது யார்?" என்று கேட்டார்.

அன்று மாலையே பெம்பானில் காத்தமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இந்த நாட்டில் தோட்டா விவகாரம் விளையாட்டு இல்லை. நல்லதை எடுத்து வெளியே கொடுத்துவிட்டுச் செத்ததை உள்ளே வைத்தான், கொள்ளைக்காரனோடு சேர்ந்து செய்தான் என்று ஆகிவிட்டால் தூக்குக் கயிறு வரைக்கும் பேச்சுப் போகும். கையில் தையலோடு வீட்டில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தேன். முன்னதாகவே கிளம்பினான். ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொன்னான். எப்படித் தெரியும் என்று கேட்டதற்குச் சரியான பதில் சொல்லவில்லை. தோட்டாவின் பளபளப்பு வேறு. பழசைத் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கினானோ? விபூதி பூசி உட்கார்ந்து சாமியைக் கும்பிட்டால் அங்கேயும் காத்தமுத்துவின் சிரிப்புதான் வருகிறது.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து கேட்டார். "அவன் செய்திருப்பானா?"

"தெரியாது துவான்" என்றேன், மரியாதையாக.

"அவனிடம் தோட்டாக்களை என்ன செய்தாய் என்று கேட்டோம். 'சாயா ஜாகா பாய்க் பாய்க்' என்கிறான். நன்றாகப் பாதுகாத்தேனாம். திருப்பித் திருப்பி அதே பதில்."

இரண்டு நாள் கழித்து வந்து என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். சந்தேகம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் மாட்டிக்கொள்வான் என்று எனக்குப் புரிந்தது. சந்தேகம் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மறுநாள் அருளப்பு சார் வந்தார். அவர் யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. லாக்கரில் இருந்த உபரித் தோட்டா ஐந்தையும் பொறுப்பில் எடுத்து, பூட்டிய பெட்டியில் கொண்டு வந்திருந்தார். எங்கள் சாப்பாட்டு மேஜையில் தமிழ்ப் பேப்பர் ஒன்றை விரித்து அவற்றை நிற்க வைத்தார். லென்ஸை எடுத்துக்கொண்டார்.

"மாத்தியிருந்தால் எங்கையாவது கீறல் இருக்கும். பிடிப்பன்" என்றார். அவருக்குக் காத்தமுத்துமேல் இருந்தது வெறும் சந்தேகம் இல்லை, அவன்தான் செய்தான் என்கிற நிச்சயம். குரலிலேயே தெரிந்தது. "உங்கடை ஆக்கள் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கேக்கையே நான் யோசிச்சிருக்க வேணும்."

ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடியில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தார். நாங்கள் தேர்ந்தெடுத்த அதே பெட்டியின் தோட்டா. கீறல் இல்லை. மறுபடி பார்த்தார். சரோஜா தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவர் தோட்டாக்களைக் கொஞ்சம் தள்ளி இடம் செய்தார். டம்ளரை வைக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

"என்னாங்க இது, வடை வெச்ச மாதிரி?"

பேப்பரில் தோட்டா நின்ற இடமெல்லாம் வட்டம் வட்டமாக எண்ணெய்க் கறை. அடியில் இருந்த மேஜை நிறம் தெரிகிற அளவுக்கு ஊறியிருந்தது.

"துப்பாக்கி எண்ணையாயிருக்கும்" என்றார் சார்.

சரோஜா பேப்பரின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தாள். "நல்லெண்ணெய் சார் இது. வெளக்கு எண்ணெய். திரி கருகின வாசம் கூட இருக்கு."

சாரும் முகர்ந்தார். நானும் முகர்ந்தேன். கோயில் விளக்கடியில் கை வைத்தால் வருமே, அந்த வாசம்.

"இது தோசைக்கு ஊத்துறதல்லோ" என்றார் சார். மறுபடி ஒரு தோட்டாவைக் கவிழ்த்து நடுப்பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் தனக்குத்தானே சொல்வது போல, "உயிர் இதிலை இருக்கு எண்டு நான்தான் சொன்னனான்" என்றார்.

அவர் காரிலேயே பெம்பானுக்குப் போனோம். காத்தமுத்து சம்சாரம் காய்ச்சல் விடாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். தோட்டாவுக்கு ஏதாவது எண்ணெய் போடுவானா என்று கேட்டேன். அவள் சாமி மேடையிலிருந்து ஒரு சின்ன மருந்து பாட்டிலை எடுத்து வந்தாள். "முனியாண்டி கோயில் அணையா விளக்குல பூசாரி எடுத்துக் குடுக்குறது. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பையில வெச்சுக்கிட்டுப் போவாரு. எதுக்குன்னு நான் கேட்டதில்லைங்க."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முன்னால் காத்தமுத்துவைக் கூட்டி வந்தார்கள். தாடி முளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் என் கைக்கட்டைத்தான் பார்த்தான். மேஜையில் பாட்டிலை வைத்து, "இதை என்ன செய்வீர், செய்து காட்டும்" என்றார் சார். அவன் கொஞ்சம் கூச்சப்பட்டான். பிறகு விரல் நுனியில் எண்ணெயைத் தொட்டு, சார் கொடுத்த வெற்றுத் தோட்டாக் கூட்டைக் கவிழ்த்து, சாமிக்குப் பொட்டு வைப்பது போலவே அந்த நடுவட்டத்தில் வைத்தான். கூட்டைச் சுற்றியும் தடவினான். கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஏன்?"

"ஈரம் படக்கூடாதுன்னு சொன்னீங்களே சார். தோட்டத்துல கத்திக்கு எண்ணெய் போட்டுத்தானே வெப்போம்? போடலன்னா மழக் காத்துல ஒரே நாள்ல துரு. துப்பாக்கிக்கும் எண்ணெய் போடச் சொன்னீங்க. உயிரு இந்தப் பொட்டுலன்னு சொன்னீங்க. அதான் வெறும் எண்ணெய் வேணாம், சாமி எண்ணெயே வெப்போம்னு."

"எண்ணையும் ஈரம்தானே காணும்."

"எண்ணெய் எப்படி சார் ஈரமாகும்? ஈரத்த விரட்டத்தானே எண்ணெய்?"

நானும் பால்வெட்டுக்காரன். சாரின் வார்த்தையை நானும் அப்படித்தான் கேட்டிருந்தேன். எனக்கு எண்ணெய் வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இன்ஸ்பெக்டருக்கு நான் மலாயில் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? வெடிக்காத தோட்டா ஒன்றை ஆள் வைத்துப் பிரிக்கச் சொன்னார். உள்ளே மருந்து ஈர மணல் மாதிரி கட்டியாக இருந்ததாம். எண்ணெய் பொட்டின் ஓரம் வழியாக வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. சில தோட்டா தாங்கும், சிலது தாங்காது. அதனால்தான் இரண்டு செத்து, மூன்றாவது வெடித்தது. தோட்டாக் கணக்கும் சரியாக இருந்தது, ஒன்றுகூட வெளியே போகவில்லை. அதற்குப் பிறகுதான் அவனை விட்டார்கள்.

வெளியே வந்து சாரின் காருக்குப் பக்கத்தில் நின்றோம். அவனுக்கு அப்போதுதான் விஷயம் முழுவதும் உறைத்தது.

"அப்ப நான் வெச்ச எண்ணெயாலதான் உங்களுக்கு வெட்டு விழுந்துச்சா அண்ணே?"

நான் கைக்கட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"காலையில என் ஷிப்ட்டுல கூட்டமே இருக்காது. மத்தியானத்துலதான் ஆளு வரும். அது உங்க ஷிப்ட்டு. நீங்க வேற பயந்தீங்க. அதனால அந்த வாரம் ரெண்டு தடவ வெச்சேன்" என்றான்.

சார் கார்க் கதவைத் திறந்தபடி நின்றார். "காத்தமுத்து, பிழை உம்மிலை இல்லை. ஈரம் எண்டால் என்னவெண்டு நான் உங்களைக் கேட்டிருக்க வேணும்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கம்பெனி அவனை வேலையை விட்டு எடுக்கப் பார்த்தது. சார் விடவில்லை. ஆனால் அது அன்பினால் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு தோட்டா வாங்கப் போனால் எங்கள் கையை மட்டுமா பார்த்தார்? பையைத் திறக்கச் சொல்வார். "தண்ணி, வேர்வை, எண்ணை, சந்தனம், குங்குமம், தீர்த்தம், ஒண்டும் படக்கூடாது. திருப்பிச் சொல்லும்" என்பார். எங்கள் சாமி சாமான்களை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ. வருஷம் ஒரு தடவை பழையதைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதுப் பெட்டி. அந்தப் பெட்டியிலும் சிலதைச் சுட்டுப் பார்த்த பிறகுதான் மிச்சத்தை எங்களிடம் கொடுப்பார்.

காத்தமுத்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், கை மாற்றும்போது காலி உருளையோடு துப்பாக்கியை என்னிடம் நீட்டினான். தோட்டாக்கள் துணியில் தனியாக இருந்தன. "நீங்களே போட்டுக்குங்கண்ணே. என் கை வேணாம்" என்றான்.

நான் ஒவ்வொன்றாக எடுத்து, பொட்டைத் துணியால் ஒற்றி, வெளிச்சத்தில் பார்த்து, சத்தமாக எண்ணிப் போட்டேன். அவன் முன்னாலேயே செய்தேன். அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அவனும் நான் வைத்துவிட்டுப் போனதை அப்படியே எடுத்துப் பார்த்திருக்கிறான், முதலாளி சொன்னார். எனக்கும் கோபம் வரவில்லை. நாங்கள் இருவரும் ஓய்வு பெறுகிற வரைக்கும் ஒருவர் தோட்டாவை ஒருவர் நம்பியதே இல்லை. என் பேரப்பிள்ளைகளுக்குக் காது குத்தியது அவன் மடியில் வைத்துத்தான்.

பையன்களே, இதைப் படித்தால் மற்ற காவல்காரர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் இது ஏற்கெனவே இரண்டு விதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. காவல்காரன் கொலை செய்துவிடக்கூடாதென்று முனியாண்டியே தோட்டாவை அணைத்தார் என்று சில பேர் சொல்கிறார்கள். சாமி என்ன நினைத்தாரோ எனக்குத் தெரியாது, அவர் பெயரால் நான் பேச மாட்டேன். தோட்டாவுக்குத் தோசை எண்ணெய் தடவிய முட்டாள் காவல்காரன் என்று சொல்லிச் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதை எழுத அனுமதி கேட்கப் போனபோது காத்தமுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான். லாக்கப்பில் இருந்ததை எழுதுங்கள், என்னைச் சந்தேகப்பட்டதை எழுதுங்கள், பெயரைக்கூடப் போடுங்கள் என்றான். "ஆனா அது அடுப்படி எண்ணெய்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாதுண்ணே. வெளக்குல இருந்து எடுத்தது."

அதை மாற்றாமல் சொல்லுங்கள்.